சவரக்கத்தியில மூக்குக்குக் கீழ, மோவாய், தாடை ஓரம், குரல்வளை: இந்த இடங்கள எப்படி ஷேவ் பண்றது?

"ரெண்டு மாசமா சவரக்கத்தியில ஷேவ் பண்றேன், கன்னம் ரெண்டும் நல்லா வருது, ஆனா மூக்குக்குக் கீழ, மோவாய், தாடை ஓரம், குரல்வளை இந்த நாலு இடத்துலயும் ஒண்ணு முடி மிச்சம் நிக்குது, இல்லன்னா ரத்தம் வருது, கை நடுங்கறதாலயா இல்ல கத்தி சரியில்லையா"ன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி, இந்தக் கட்டத்துல தான் முக்காவாசிப் பேர் கத்திய மடிச்சு வச்சுட்டுப் போயிடறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல விஷயத்த சொல்லிடறேன். கை நடுக்கம் காரணம் இல்ல, ரெண்டு மாசம் கன்னத்த ஒழுங்கா ஷேவ் பண்ற கைக்கு நடுக்கம் எப்பவோ போயிருக்கும். கத்தி பதம் ஓரளவு காரணமா இருக்கலாம், அத பின்னாடி சொல்றேன். பெரிய காரணம் கத்தி பிடிக்காத உங்க இன்னொரு கை. கன்னத்துல அந்தக் கை பெருசா ஒண்ணும் செய்யலன்னாலும் ஓடிடும், இந்த நாலு இடத்துல ஓடாது. நீங்க கத்திய அந்த வளைவுக்குள்ள கொண்டுபோயி திருப்பித் திருப்பி வெட்டப் பாக்கறீங்க, செய்ய வேண்டியது அந்தத் தோல இழுத்து ஒரு சமமான இடத்துக்குக் கொண்டு வந்து அங்க வச்சு ஷேவ் பண்றது.

ஏன்னா கத்தியோட வாய், அதாவது வெட்டற விளிம்பு, ஒரு நேர்கோடு. சுமார் 7 செ.மீ நீளத்துக்கு வளையாத இரும்பு. முகத்துல அந்த அளவுக்கு சமமா இருக்கறது கன்னம் மட்டும் தான். மோவாய் மாதிரி வெளிய புடைச்ச இடத்துல அந்த 7 செ.மீல ஒரு செ.மீ தோல்ல பட்டாலே அதிகம், நீங்க கொடுக்கற மொத்த அழுத்தமும் அந்த கொஞ்சூண்டு இடத்துல இறங்குது, கன்னத்துல அதே அழுத்தம் பரவிப் போனதால ஒண்ணும் ஆகல, இங்க தோலையும் சேத்து சீவுது. குழிஞ்ச இடத்துல இது அப்படியே தலைகீழ். உதட்டுக்குக் கீழ இருக்கற பள்ளம், குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பள்ளம், இங்கெல்லாம் கத்தியோட நடு தோலைத் தொடவே தொடாது, ரெண்டு ஓரமும் தான் உக்காரும். நடுவுல முடி அப்படியே நிக்கும், ஓரம் பட்ட இடத்துல கீறல். நீங்க சொன்ன "ஒண்ணு முடி மிச்சம் இல்லன்னா ரத்தம்" இதுல இருந்து தான் வருது.

அடுத்தது கோணம். தோலுக்கும் கத்திக்கும் நடுவுல 30 டிகிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரி தான், கண்ணால அளக்கணும்னா கத்தியோட முதுகுக்கும் தோலுக்கும் நடுவுல இன்னொரு முதுகு தடிமன் போகற அளவு இடைவெளி, இல்ல அதுக்கு ஒரு சொட்டு கூட. கன்னத்துல ஆரம்பிச்ச கோணம் கடைசி வரைக்கும் மாறாது. மோவாய்ல நீங்க கைய நேரா இழுத்தா கை மாறல, ஆனா தோல் உள்பக்கமா வளைஞ்சு போகுது, அதனால 30ல ஆரம்பிச்ச கோணம் அரை அங்குலம் போறதுக்குள்ள மாறிடும். கோணம் ரொம்பக் குறைஞ்சா கத்தி முடி மேல வழுக்கிட்டுப் போயிடும், ரொம்ப ஏறினா வெட்டாது, சுரண்டும். சேஃப்டி ரேஸர்ல இந்தக் கவலையே இல்ல, 1904ல ஜில்லெட் பேட்டண்ட் வாங்கின காலத்துல இருந்து அந்த மாதிரி ரேஸரோட தலையே கோணத்த ஏறக்குறைய பாத்துக்குது, சவரக்கத்தில ஒவ்வொரு செ.மீக்கும் அத நீங்க தான் பாத்துக்கணும். அதனால வளைவான இடத்துல இழுப்பு குட்டியா இருக்கணும், ஒரு செ.மீ, மிஞ்சிப் போனா ஒண்ணரை, ஒவ்வொரு குட்டி இழுப்புக்கும் கோணத்த புதுசா வச்சு ஆரம்பிக்கணும். நீளமா ஒரே இழுப்பா இழுக்கறது பாக்க அழகா இருக்கும், அத கன்னத்தோட நிறுத்திக்கோங்க.

தோல இழுக்கற கை நுரையில வழுக்கும், இது தான் பல பேருக்குப் பிரச்சனை, பிடிச்சதும் விரல் நழுவி தோல் திரும்பிப் போயிடும், அந்த நேரத்துல கத்தி மேல இருந்தா வெட்டு. அதனால ஒரு காய்ஞ்ச துணிய பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தக் கை விரல அடிக்கடி தொடைங்க, நுரை இல்லாத இடமா பாத்து பிடிங்க. இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்கு. படிகாரக் கட்டிய லேசா நனைச்சு விரல் நுனில ரெண்டு தேய் தேய்ச்சுக்கோங்க, விரல் கொஞ்சம் பிசுக்குன்னு ஆகும், அப்புறம் ஈரத் தோல கூட கெட்டியா பிடிக்கலாம். இத தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் எனக்கு மோவாய் பாதி சுலபமாச்சு.

ஒரு எச்சரிக்கை, இழுக்கறதுன்னா வலிக்கற வரைக்கும் இல்ல. சுருக்கம் போகணும், அவ்வளவு தான். ரொம்ப இழுத்து வச்சு எதிர் ஷேவ் (முடி வளர்ற திசைக்கு எதிரா) பண்ணா முடி தோல் மட்டத்துக்குக் கீழ வெட்டுப்படும், கைய விட்டதும் உள்ள போயிடும், சுருள் முடி இருக்கறவங்களுக்கு அது வளர்றப்ப தோலுக்குள்ளயே குத்திக்கிட்டு கட்டி கட்டியா வரும். கழுத்துல அடிக்கடி சிவப்புக் கட்டி வர ஆளுக நேர் ஷேவ் (முடி வளர்ற திசைலயே), வேணும்னா குறுக்க ஒரு தடவை, அதோட நிறுத்திக்கறது நல்லது.

இடத்துக்கு இடம் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் வேலை ஒண்ணு இருக்கு. ஒரு நாள் தாடி வளரட்டும், காய்ஞ்ச முகத்துல விரலால நாலு திசைலயும் தடவிப் பாருங்க, வழுவழுன்னு போற திசை நேர், சொரசொரன்னு தடுக்கற திசை எதிர். கழுத்துல விரலுக்குத் தெரியலன்னா ஒரு துண்டு பஞ்ச எடுத்து தடவுங்க, எதிர் திசைல பஞ்சு மாட்டி நூல் நூலா நிக்கும். பல பேருக்கு கழுத்தோட கீழ்ப்பாதில முடி மேல பாத்து வளரும், இல்ல பக்கவாட்டுல படுத்துக்கிட்டு ஒரு சுழி மாதிரி போகும், இத தெரியாம மேல இருந்து கீழ இழுத்துக்கிட்டு "நேர் ஷேவ் தானே பண்றேன், ஏன் எரியுது"ன்னு யோசிச்சுட்டு இருப்பாங்க, அவங்க பண்ணிட்டு இருக்கறது முதல் இழுப்புலயே எதிர் ஷேவ். எந்த இடத்துல முடி எந்தப் பக்கம் வளருதுன்னு ஒரு காயிதத்துல வரைபடமா கூட போட்டு வச்சுக்கலாம், வாழ்நாளுக்கும் உதவும்.

சரி, மூக்குக்குக் கீழ. இது தான் ரொம்ப சிரமமான இடம்னு நான் சொல்லுவேன், ஏன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். இங்க முடி தடிமன், நெருக்கம், பெரும்பாலும் கீழ பாத்து வளரும். கீழ பாத்து இழுக்கணும்னா கத்தி வாய் மூக்கு அடில ஆரம்பிக்கணும், அப்ப கத்தியோட முதுகு எங்க இருக்கும்? மூக்கு மேல இடிக்கும். 16லிருந்து 19 மி.மீ அகலக் கத்திக்கு அங்க இடமே கிடையாது. முதுகு மூக்குல இடிச்சதும் நீங்க தானாவே முதுக வெளிய தூக்கறீங்க, கோணம் 30ல இருந்து 70க்கு போயிடுது, சுரண்டிடறீங்க. இது கைப்பழக்கக் குறை இல்ல, இடம் அப்படி.

செய்ய வேண்டியது, இன்னொரு கை ஒரு விரலால மூக்கு நுனிய மேல தூக்கி, நீங்க ஷேவ் பண்ற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமா சாய்ச்சுக்கோங்க. மேலுதட்ட கீழ்ப்பக்கமா இழுத்து பல்லு மேல மடிச்சு வைங்க, "ஓ"ன்னு சொல்லப் போற மாதிரி வாய நீட்டி, தோல் டைட்டாகும். இப்ப கத்தியோட நுனிப் பக்கம் ரெண்டு செ.மீ மட்டும் வச்சு வேலை பண்ணுங்க, கத்தி உடம்பு கன்னம் பக்கமா வெளிய இருக்கட்டும், அப்ப மூக்கு இடிக்கறது ரொம்பக் குறைஞ்சிடும். மூக்கு ஓரத்துல இருந்து உதட்டு விளிம்பு வரைக்கும் குட்டிக் குட்டியா கீழ இழுங்க. அழுத்தவே கூடாது, கத்தியோட எடை மட்டும் போதும். மூக்கு அடிய ஒட்டி இருக்கற முதல் 3, 4 மி.மீல கோணம் கொஞ்சம் அதிகமா தான் வரும், அத தவிர்க்க முடியாது, அதனால அங்க இன்னும் லேசா, இன்னும் குட்டியா. உதட்டோட சிவப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கத்திய எடுத்துடணும், உதட்டுல பட்டா சின்ன வெட்டு கூட ரொம்ப நேரம் ரத்தம் விடும்.

நடுவுல இருக்கற பள்ளத்துக்கு உதட்ட நல்லா கீழ இழுத்தாலே பள்ளம் முக்கால்வாசி நிரவிடும். மிச்சத்துக்கு குறுக்க ஒரு இழுப்பு, வாய ஒரு பக்கமா கோணி வச்சு, நடுவுல இருந்து கன்னம் பக்கமா. எதிர் ஷேவ், அதாவது உதட்டுல இருந்து மூக்கு பாத்து, இப்போதைக்கு வேண்டாம். கத்தி வாய் மூக்குத் துவாரத்த பாத்துக்கிட்டு போகும், நுரை மறைக்கும், சதுர நுனி கத்தியா இருந்தா அந்த மூலை போயி துவாரத்து விளிம்புல குத்தும். பல வருஷம் பழகினவங்க கூட அங்க எதிர் ஷேவ் விட்டுடறாங்க. தும்மல் வர மாதிரி மூக்குல கூச்சம் தெரிஞ்சா உடனே கத்திய முகத்த விட்டு எடுத்துடுங்க, "இத முடிச்சுட்டு"ன்னு நினைக்காதீங்க.

மோவாய். இத ஒரே இடமா பாக்காதீங்க, மூணா பிரிங்க: உதட்டுக்குக் கீழ பள்ளம், முன்னாடி உருண்டை, அடிப்பக்கம்.

பள்ளத்துக்கு கீழுதட்ட உள்ள இழுத்து பல்லு மேல மடிச்சு வைங்க, அது போதலன்னா நாக்கால உள்ள இருந்து வெளிய தள்ளுங்க, பள்ளம் மேடாகி சமமா வந்துடும், கத்தி நுனிய வச்சு கீழ ரெண்டு மூணு இழுப்பு. வாய் ஓரத்துல இருக்கற முடிக்கும் இதே தான், கன்னத்துக்குள்ள காத்து அடைச்சு உப்ப வைக்கலாம், இல்ல ஒரு விரலால வெளிப்பக்கமா இழுக்கலாம், ஆனா எப்பவும் கத்தி உதட்டுல இருந்து விலகிப் போற திசைல தான் போகணும், உதட்ட பாத்து வரவே கூடாது.

முன்னாடி உருண்டைக்கு தான் தோல நகத்தற வேலை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு மோவாய்த் தோல பிடிச்சு இடது பக்கம் தள்ளிப் பாருங்க கண்ணாடில, நல்லா ஒரு செ.மீக்கு மேல நகரும். உருண்டையோட உச்சில இருந்த முடி இப்ப பக்கவாட்டுல சரிவுல இருக்கு, வலது பக்கம் இருந்தது உச்சிக்கு வந்திருக்கு. எலும்பு நகராது, தோல் நகரும், அது தான் இங்க நமக்கு ஆதாயம். வலது பக்கத்த ஷேவ் பண்ண தோல இடப்பக்கம் இழுங்க, இடது பக்கத்துக்கு வலப்பக்கம், நடுவுக்கு கீழ. ஒவ்வொரு தடவையும் ஒரு செ.மீ இழுப்பு, மணிக்கட்டு கத்தியோட சேந்து சுழலணும், அதாவது தோல் உள்ள வளையறப்ப கத்தியும் அதோட சேந்து திரும்பணும், முதுகுக்கும் தோலுக்கும் இருக்கற இடைவெளி மாறக் கூடாது. ரெண்டு மூணு வாரத்துல மணிக்கட்டு இத தானே செய்ய ஆரம்பிச்சிடும்.

அடிப்பக்கத்துக்கு தலைய பின்னாடி சாய்ச்சு, இன்னொரு கையால குரல்வளைக்கு மேல தோல பிடிச்சு கீழ இழுத்து வச்சுக்கிட்டு, மோவாய் விளிம்புல இருந்து கழுத்து பாத்து ஷேவ் பண்ணுங்க. கண்ணாடில சரியா தெரியாது, அதனால காதால வேலை பண்ணுங்க. முடி வெட்டுப்படறப்ப கரகரன்னு மெல்லிசா ஒரு சத்தம் வரும், நல்லா வெட்டற கத்தியில அது காய்ஞ்ச இலைய விரல்ல நொறுக்கற மாதிரி சீரா இருக்கும். சத்தம் நின்னுடுச்சுன்னா கத்தி தோல விட்டு விலகிடுச்சு இல்ல முடி இல்லாத இடத்துக்கு வந்துட்டீங்க. சத்தம் தடிச்சு ஒரு இழுவை தெரிஞ்சா கோணம் ஏறிடுச்சு. நான் அடிப்பக்கம் பண்றப்ப குழாய மூடிடுவேன், அந்த சத்தம் கேக்கணும்னு.

மோவாய்ல பிடிவாதமா நிக்கற முடிக்கு ஒரு உத்தி இருக்கு, ஆனா அத தப்பா புரிஞ்சுக்கிட்டா ஆபத்து, கவனமா படிங்க. கத்திய போற திசைக்கு செங்குத்தா வைக்காம கொஞ்சம் சாய்வா வைங்க, நுனி முன்னாடி, அடிப்பக்கம் பின்னாடி, அப்படியே நேரா கீழ இழுங்க. வாய் முடிய சாய்வா சந்திக்கறதால நேரா மோதறத விட சுலபமா அறுக்கும். இங்க கத்தி சாய்ஞ்சிருக்கு, ஆனா பயணம் நேர்க்கோடு. இத செய்யறேன்னு நினைச்சுக்கிட்டு ரம்பம் இழுக்கற மாதிரி கத்திய வாயோட நீளத்துக்கு பக்கவாட்டுல நகத்தினீங்கன்னா தோல் உடனே பொளந்துடும், வலி கூட தெரியாது, நுரை சிவக்கறத பாத்து தான் தெரியும். கத்தி தோல்ல பட்டிருக்கறப்ப அது நீளவாக்குல தனியா நகரவே கூடாது. முகத்துல வைக்கறப்ப, எடுக்கறப்ப கூட இது தான் விதி, பெரிய வெட்டெல்லாம் பெரும்பாலும் ஷேவ் பண்றப்ப வர்றதில்ல, கத்திய அசால்ட்டா வைக்கறப்பயும் எடுக்கறப்பயும் தான்.

தாடை ஓரம். எனக்கு வலது காதுக்குக் கீழ, தாடை திரும்பற மூலைல ஒரு மெல்லிசு வெள்ளைக் கோடு இன்னும் இருக்கு. ஆரம்ப காலத்துல கன்னத்துல நல்லா போன சந்தோஷத்துல அதே இழுப்ப தாடை எலும்ப தாண்டி கழுத்து வரைக்கும் ஒரே வீச்சா கொண்டு போனேன், எலும்பு முடிஞ்ச இடத்துல தரை இல்லாத மாதிரி கத்தி உள்ள இறங்கிடுச்சு. அன்னைக்கு யாராவது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது நடந்திருக்காது, அதனால நான் உங்களுக்கு சொல்றேன்: எலும்ப தாண்டாதீங்க. தாடைக்கு மேல ஒரு வேலை, தாடைக்குக் கீழ ஒரு வேலை, நடுவுல எலும்பு மேல இருக்கற முடிய இடம் மாத்தி எடுக்கணும். உள்ளங்கைய கன்னத்துல வச்சு தோல மேல, கண்ணு பக்கமா இழுங்க. தாடைக்குக் கீழ இருந்த ஒண்ணு ரெண்டு செ.மீ தோல் எலும்புக்கு மேல ஏறி கன்னம் மாதிரி சமமாயிடும், அத கன்னம் ஷேவ் பண்ற மாதிரியே ஷேவ் பண்ணுங்க. அப்புறம் கழுத்துப் பக்கம் பிடிச்சு கீழ இழுத்தா எலும்பு மேல இருந்தது கழுத்துக்கு இறங்கிடும். காதுக்குக் கீழ மூலைக்கு தலைய எதிர்ப் பக்கம் நல்லா திருப்பி, காதுக்குப் பின்னாடி இருக்கற தோல பிடிச்சு பின்னாடி இழுங்க.

குரல்வளை. பயம் அதிகம் இருக்கற இடம், பயத்துல கை இறுகும், இறுகின கை அழுத்தும். நெறைய பேர் தலைய முழுசா பின்னாடி சாய்ச்சுடறாங்க, அப்ப அந்த மேடு இன்னும் வெளிய தள்ளி, அதுக்கு மேல தோல் மெல்லிசா இழுபட்டு நிக்கும், வேலை இன்னும் கஷ்டமாகும். கொஞ்சமா சாய்ச்சா போதும். சிலர் எச்சில் முழுங்கற மாதிரி பாதில பிடிச்சு நிறுத்திக்கிட்டு, மேடு மேல ஏறியிருக்கற நேரத்துல கீழ ஷேவ் பண்ணுவாங்க, அது முடியும், ஆனா எத்தனை நொடி பிடிக்க முடியும், நடுவுல விட்டுடுவோமோன்னு ஒரு பதட்டம் இருந்துகிட்டே இருக்கும், நான் அத சிபாரிசு பண்ண மாட்டேன். கழுத்துத் தோல் நல்லா தளர்வான தோல், மேடு மேல இருக்கற தோல ரெண்டு விரலால பிடிச்சு இடப்பக்கம் ரெண்டு மூணு செ.மீ நகத்துங்க, இப்ப அந்த முடி கழுத்தோட தட்டையான பக்கத்துல இருக்கு. அங்க வச்சு நேர் ஷேவ். அப்புறம் வலப்பக்கம் நகத்தி மிச்சம். கத்தி அந்த மேட்டு மேல ஏறவே தேவையில்ல.

கழுத்தோட கீழ்ப்பாதில வரைபடம் பாத்து போங்க, மேல பாத்து வளர்ற முடிய கீழ இருந்து மேல இழுக்கறது தான் அங்க நேர். படுத்த முடி ரெண்டு தடவைல போகலன்னா மூணாவது தடவை போகாதீங்க, நாளைக்கு நிமிந்து நிக்கும், அப்ப எடுத்துக்கலாம். கண்ணாடில பக்கத்துல நின்னு பாத்தா தான் அந்த ரெண்டு முடி தெரியும், ஆனா அதுக்காக மறுபடி மறுபடி சுரண்டின தோல் மூணு நாள் எரியும்.

கிருதா ஓரம், காது பக்கம் சுலபம் தான், காத மடிச்சு முன்னாடியோ மேலயோ பிடிச்சுக்கோங்க, காதுக்கு மேல தோல மேல இழுங்க, கத்தி நுனி எங்க இருக்குன்னு கண்ணு அதுலயே இருக்கட்டும். ரெண்டு கிருதாவையும் சமமா வைக்க காத அளவா எடுக்காதீங்க, நெறைய பேருக்கு ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது. மச்சம், மரு புடைச்சு இருந்தா அத சுத்தி தான் போகணும், மேல போகக்கூடாது. தானா ரத்தம் கசியற, வளர்ற, நிறம் மாற மச்சம்னா அது டாக்டர் கிட்ட காட்ட வேண்டிய விஷயம்.

இப்ப கத்திக்கு வரேன். கன்னத்து முடி மெல்லிசு, மோவாய் முடியும் மீசை முடியும் தடிமன், அதனால சுமாரான பதத்துல இருக்கற கத்தி கன்னத்துல ஏமாத்தும், மோவாய்ல மாட்டிக்கும். தோல் வார்ல ஒவ்வொரு ஷேவுக்கு முன்னாடியும் 30, 40 தடவை தீட்டுங்க, முதுகு முன்னாடி போகணும், திரும்பறப்ப முதுகு மேல தான் கத்தி உருளணும், வாய் மேல உருண்டா பதம் அப்பவே போச்சு. தீட்டியும் மோவாய்ல முடிய பிச்சு இழுக்குதுன்னா அது சாணைக்கல்லுக்குப் போக வேண்டிய கத்தி, அழுத்தி சமாளிக்கப் பாக்காதீங்க. வாங்கறதா இருந்தா உருண்ட நுனி கத்தி வாங்குங்க, சதுர நுனி மூக்கு ஓரத்துல துல்லியமா போகும் தான், ஆனா முதல் வருஷத்துக்கு அது வேண்டாம். பிளேடு மாத்தற கத்தி வச்சிருக்கீங்கன்னா இன்னும் லேசான கை வேணும், அதுல பிளேடு ரொம்ப கூர், எடை கம்மி, பிளேடோட ரெண்டு மூலையும் குத்தற மாதிரி நிக்கும், சின்னத் தப்பையும் மன்னிக்காது.

நுரை விஷயத்துல ஒண்ணு மட்டும். முடி தண்ணி குடிச்சு மெத்துனு ஆகறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், தடிமனான முடிக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதனால கன்னம் முதல்ல, கழுத்து அடுத்தது, மோவாயும் மேலுதடும் கடைசி, அதுவரைக்கும் அங்க நுரை ஊறிட்டே இருக்கும். நுரை காய்ஞ்சிருந்தா பிரஷ்ஷ நனைச்சு மறுபடி போட்டுட்டு தான் கத்திய வைக்கணும்.

வெட்டு விழுந்துடுச்சுன்னா, குளிர்ந்த தண்ணில கழுவி சுத்தமான துணிய வச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல நடுவுல எடுத்து நின்னுடுச்சான்னு பாக்காதீங்க, அப்படி பாக்கறதால தான் நிக்கறதில்ல. அப்புறம் படிகாரம் வைங்க, சுருக்குன்னு எரியும், நின்னுடும். அந்த இடத்த அன்னைக்கு மறுபடி ஷேவ் பண்ணாதீங்க. வீட்ல யாரா இருந்தாலும் ஒரே கத்திய ரெண்டு பேர் பயன்படுத்த வேண்டாம், ரத்தம் வழியா மஞ்சள்காமாலைக் கிருமி பரவ அது ஒரு வழி.

கத்திய எந்தக் கைல பிடிக்கறதுன்னு ஒரு சந்தேகம் வரும். ரெண்டு கையும் பழகினா நல்லது, பழகலன்னா ஒரே கையோட போகலாம், எதிர்ப் பக்கத்துக்கு கைய முகத்துக்கு முன்னாடி குறுக்க கொண்டு வரணும், அப்ப உங்க முழங்கையே கண்ணாடிய மறைக்கும், தலைய கொஞ்சம் திருப்பிக்கோங்க. எந்தக் கையா இருந்தாலும் மூணு விரல் கத்தியோட கழுத்து (வெட்டற பாகத்துக்கும் வாலுக்கும் நடுவுல இருக்கற தண்டு) மேல, கட்டை விரல் கீழ, சுண்டு விரல் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற வால்ல, பிடி லூசா இருக்கணும், பேனா பிடிக்கற அளவு இறுக்கம் போதும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முயற்சி பண்ணாதீங்க. அடுத்த ரெண்டு வாரம் தாடை ஓரத்த மட்டும் கத்தியில பழகுங்க, தோல மேல இழுத்து எலும்புக்கு மேல ஷேவ் பண்றது கைக்கு வரட்டும், மேலுதடு மோவாய் குரல்வளை மூணையும் சேஃப்டி ரேஸர்ல முடிச்சுக்கோங்க. அதுக்கு அடுத்து குரல்வளை, அதுக்கு அடுத்து மோவாய், கடைசியா மேலுதடு. ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல கத்தி இல்லாம, வெறும் விரலால தோல இழுத்து நகத்திப் பாத்து, அது எவ்வளவு தூரம் போகுது, எங்க சமமாகுதுன்னு கண்ணாடில ஒரு நிமிஷம் பாத்துட்டு அப்புறம் நுரை போடுங்க.